பந்துக்கு மேலே நிற்கிறவர்

இதை எனக்கு முதலில் சொன்னவர் இயோவானே. முந்தின வருஷம் நவம்பரில், நான் போயிருந்த வெளிநாட்டில் நன்றி சொல்லும் பண்டிகை கொண்டாடுகிற வியாழக்கிழமை மத்தியானம், என் மகள் ஹெப்சிபாவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

அவர் எதிர்வீட்டுக்காரர். சமோவா என்று கடலுக்கு நடுவே இருக்கிற தீவில் பிறந்தவர். இயோவானே என்றால் நம்முடைய யோவான்தான். ஆள் வாசல் நிறைய இருப்பார். கோழிக்குழம்பை ஊற்றி, இன்னும் கொஞ்சம் சோறு, இன்னும் கொஞ்சம் சோறு என்று வாங்கிக்கொண்டே சொன்னார். அந்த இங்கிலீஷ் எனக்குப் பிடிபடாத இடத்தில் மகள் எடுத்துச் சொன்னாள். கடைசிப் பகுதி வந்தபோது அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டார். நானும் கையில் கரண்டியோடு நின்றுவிட்டேன். குழம்பு மேசைவிரிப்பில் சொட்டியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

ஆட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை விளங்காது.

அந்த ஊரில் அதற்குப் பேர் கால்பந்து. ஆனால் பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். பந்து இரண்டு முனையும் கூம்பி, உரித்த தேங்காய் மாதிரி இருக்கும். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கிற அணி நான்கு முயற்சிக்குள் பத்துக் கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி. முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்கும் பந்தைத் தரையில் வைப்பார்கள். ஒருவர் குனிந்து, அதைத் தன் காலுக்கு நடுவே பின்னால் நிற்கிறவர் கையில் கொடுப்பார். அதற்குத்தான் ஸ்னாப் என்று பேர். ஸ்னாப் ஆன மாத்திரத்தில் எல்லாரும் மோதிக்கொள்வார்கள்.

ஒரு முயற்சிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஆளை மாற்றிக்கொள்ளலாம். எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம். போனவன் திரும்பியும் வரலாம். ஆனால் ஸ்னாப் ஆகும்போது களத்துக்குள் பன்னிரண்டாவது ஆள் இருக்கக் கூடாது. வெளியே ஓடுகிறவன் கோட்டைத் தாண்டவில்லை என்றால் குற்றம்தான். மஞ்சள் துணியை எறிவார்கள். அந்த அணிக்கு ஐந்து கஜம் தண்டனை.

அதனால் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். பந்து வைத்திருக்கிற அணி ஆளை மாற்றினால், எதிரணியும் மாற்றிக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும். அதுவரை நடுவர்களில் ஒருவரான அம்பயர் போய்ப் பந்துக்கு மேலே நின்றுகொள்வார். அவர் நிற்கிற மட்டும் ஸ்னாப் கிடையாது. பந்து வைத்திருக்கிறவர்கள் யாரையும் மாற்றவில்லை என்றால் அவர் நிற்க மாட்டார். அவர்கள் ஓடிவந்து சட்டென்று ஸ்னாப் செய்யலாம். எதிரணியில் ஒருவன் ஆறஅமர வெளியே போய்க்கொண்டிருந்தால் அகப்பட்டான். ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிஷத்தில் அந்தச் சலுகையும் இல்லை. ஆளை மாற்றினாலும் சரி, மாற்றாவிட்டாலும் சரி, யாரும் பந்துக்கு மேலே நிற்க மாட்டார்கள். அவனவன் பாடு அவனவனுக்கு.

இவ்வளவு தெரிந்தால் போதும்.

இயோவானே அம்பயர் ஆவதற்கு முன்னால் ஆட்டக்காரராக இருந்தவர். முன்வரிசையில் நின்று முட்டித் தள்ளுகிற ஆள். ஒரு பெரிய ஆட்டத்தில், மூச்சு வாங்க வெளியே போய்க்கொண்டிருந்தார். கோடு எட்டிப் பிடிக்கிற தூரம். பின்னால் ஸ்னாப் ஆகிவிட்டது. பன்னிரண்டாவது ஆள் அவர்தான். அந்த ஐந்து கஜத்தில் அவர் அணி தோற்றது.

ஊர் அதை மறக்கவில்லை. கடையில் முட்டை வாங்கப் போனால் கல்லாவில் இருக்கிற பெண், "பதினொண்ணு போதுமா, பன்னிரண்டும் வேணுமா?" என்பாள். கார் நிறுத்துகிற இடத்துக் காவல்காரன், "சார், கோட்டுக்கு வெளியில நிறுத்திப் பழகுங்க" என்பான். இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். அப்படிச் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது என்று சொன்னார்.

பிறகு அம்பயர் ஆனார். சின்னச் சின்ன ஆட்டங்களில் நின்று, மெல்ல மெல்ல, சம்பளம் வாங்குகிறவர்கள் ஆடுகிற பெரிய லீக்குக்கு வந்தார். அந்த வருஷம் அவரைச் சோதித்துப் பார்க்கத்தான் வைத்திருந்தார்கள்.

அவருடைய குழுவுக்குத் தலைமை நடுவர் ரெனீ. வெள்ளைத் தொப்பி போடுகிற உரிமை குழுவில் அவர் ஒருவருக்குத்தான். இயோவானேயைவிட வயசில் சின்னவர். உயரத்தில் இவர் மார்புக்குத்தான் வருவார். ஆனாலும் அந்த வித்தையில் அவர்தான் குரு, இவர்தான் சீஷன். இவர் அவரைச் 'சீஃப்' என்பார். அவர் இவரை 'மலை' என்பார்.

மலையிடம் ஒரே ஒரு குறை. பந்துக்கு மேலே போய் நின்றால் நகர மாட்டார்.

எதிரணியின் கனத்த ஆள் ஒருவன் மூச்சிரைக்க வெளியே போவதைப் பார்த்தால் இவருக்குத் தன் பழைய நாள் ஞாபகம் வந்துவிடும். ரெனீ கையைக் காட்டி விலகச் சொன்ன பிறகும் ஒரு மூச்சு நிற்பார். அவன் கோட்டைத் தாண்டட்டும் என்று இன்னும் ஒரு மூச்சு நிற்பார். அதற்குள் பந்து வைத்திருக்கிறவர்களின் நேரம் ஓடிவிடும். ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் கடிகாரம் உண்டு. அது பூஜ்யத்துக்கு வந்தால் அவர்களுக்கும் ஐந்து கஜம் தண்டனை. தப்பு அவர்களுடையது இல்லை, இவருடையது. தண்டனை அவர்களுக்கு.

லீக் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வருஷக் கடைசி ஆட்டம் ஒன்று பாக்கி. அதிலும் இப்படி நின்றால் அடுத்த வருஷம் அவர் வேண்டாம். அவர் ஆடமுடியாத வயசுக்கு வந்துவிட்டவர். களத்துக்குள் கால் வைக்க அவருக்கு இருந்த ஒரே வழி நடுவர்கள் போடுகிற அந்தக் கோடு போட்ட சட்டைதான்.

ஆட்டத்தன்று நடுவர்களின் அறையில் ரெனீ ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். இயோவானே பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பெஞ்சு ஒரு பக்கம் சாய்ந்தது.

"சீஃப், ஒண்ணு கேக்கணும்."

"கேளு. பெஞ்சை உடைக்காம கேளு."

"பந்துக்கு மேல எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"நான் கை காட்டுற வரைக்கும்."

"அது விதி. எனக்குத் தெரியும். நான் கேக்கிறது வேற."

ரெனீ அவர் முகத்தைப் பார்த்தார். லேஸை இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"அப்போ பசிக்கும்போது கேளு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சிவப்பு அணிக்கு அது சொந்த ஊர். நீல அணி வெளியூரிலிருந்து வந்திருந்தது. வெளியே பனி தூவிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரிலும் மேலே சட்டையில்லாமல், உடம்பில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு ஜனம் கத்தியது. அவர்களுக்கு யார் பெற்ற தாய் ஸ்வெட்டர் போட்டுவிடுவது என்று நான் கேட்டேன். ஹெப்சிபா, "அம்மா, கதையைக் கேளுங்க" என்றாள்.

நீல அணியில் காலேப் என்று ஒருவன் இருந்தான். அந்த வருஷம்தான் லீக்குக்கு வந்தவன். இயோவானே வாலிபத்தில் எப்படி இருந்தாரோ அதே அச்சு. அதே இடம், அதே கனம், அதே போல வாயைத் திறந்து மூச்சு விடுகிற பழக்கம்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சிவப்பு அணி ஆளை மாற்றியது. இயோவானே போய்ப் பந்துக்கு மேலே நின்றார். நீல அணியும் மாற்றியது. காலேப் வெளியே ஓடினான். தூரப் பக்கத்திலிருந்து ஓடிவர வேண்டும். ரெனீ கை காட்டினார். இயோவானே நின்றார். காலேப் கோட்டைத் தாண்டினான். அப்புறம்தான் விலகினார்.

அடுத்த தரமும் அப்படியே.

மூன்றாம் தரம், பந்தின்மேல் கை வைத்துக் குனிந்திருந்த சிவப்பு அணிக்காரன் தலையைத் தூக்காமலே பேசினான்.

"பெரியவரே, இந்த ஷூ எந்தக் கடையில வாங்கினது? இவ்வளவு நேரம் பாத்துக்கிட்டே இருக்கேன், கேட்டுட்டுப் போயிடறேன்."

"பேசாம குனிஞ்சிரு."

"குனிஞ்சுதான் இருக்கேன். முதுகு பிடிச்சுக்கிச்சு. நீங்கதான் நிமிரவும் விடல, ஆடவும் விடல."

வெளியே சிவப்பு அணியின் பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

"யோவ் மரம்! உன்னை அங்க நட்டது யாரு? தண்ணி ஊத்த ஆள் அனுப்பவா?"

கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது. சிவப்பு அணிக்கு ஐந்து கஜம் தண்டனை. மைதானம் முழுக்க ஊளையிட்டது. இயோவானேக்குக் காது சுட்டது.

அது பெரிதில்லை. அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. அதுதான் அவரைத் தைத்தது.

நீல அணியின் பக்கமாக அவர் போனபோது, அவர்களுடைய பயிற்சியாளர் காலேப்பின் தோளில் கை போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு ஓடி ஓடி மூச்சை விடறே? நடந்தே வா."

"அவங்க ஸ்னாப் பண்ணிட்டா, கோச்?"

"பண்ண முடியாது. அந்த அம்பயர் நிப்பார். அவருக்கு மனசு தாங்காது. உனக்கு முன்னால அவர் பட்டவர்." பயிற்சியாளர் சிரித்தார். "இன்னைக்கு நமக்கு ஆள் பதினொண்ணு இல்ல. அவரையும் சேத்து எண்ணிக்கோ."

காலேப்பும் சிரித்தான். அதிலிருந்து அவன் நடந்தே வெளியே வந்தான். வீதியில் காற்று வாங்கப் போகிறவன் மாதிரி வந்தான். இயோவானேக்கு எல்லாம் தெரிந்தது. தெரிந்தும், அவன் முதுகைப் பார்த்தால் கால் நகரவில்லை. இன்னும் ஒரு தரம் சிவப்பு அணிக்குத் தண்டனை விழுந்தது.

பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை விட்டார்கள். நடுவர்கள் அறையில் தக்காளி சூப் வைத்திருந்தார்கள். ஆவி பறந்தது. மற்ற நடுவர்கள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துச் சூடு காய்ந்துகொண்டிருந்தார்கள். இயோவானே ஒரு கோப்பை நிறைய ஊற்றி, மேசையில் வைத்து உட்கார்ந்தார். காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. விரல் விறைத்திருந்தது.

"சீஃப், இப்போ பசிக்குது. இப்போ சொல்லுங்க. எவ்வளவு நேரம் நிக்கணும்?"

ரெனீ எழுந்து வந்தார். சூப் கோப்பைக்கும் அவருக்கும் நடுவே, இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார். களத்தில் அம்பயர் பந்துக்கு மேலே நிற்கிற அதே நிலை.

"என்ன சீஃப் இது?"

"சூடா இருக்கு. பொறு."

பொறுத்தார். குரு ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார். அவர் விரித்த கையை மடக்கவே இல்லை.

"இப்போ குடிக்கலாமா?"

"நாக்கு வெந்துடும். பாவம் நீ."

மூலையில் இருந்த நடுவர் ஒருவர் சூப்பை உறிஞ்சிக்கொண்டே, "அருமையா இருக்கு, மலை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"சீஃப், நேரமாச்சு. களத்துக்குப் போகணும்."

"தெரியும். ஆனா உன்மேல எனக்கு ரொம்ப இரக்கம்."

ஆவி அடங்கிவிட்டது. சூப்பின் மேலே ஆடை மாதிரி ஒன்று படிந்தது. இயோவானே அதைப் பார்த்தார். ரெனீயைப் பார்த்தார். அவர் கண் சிமிட்டவே இல்லை.

"சீஃப்!" என்றார் இயோவானே. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "என் நாக்கு. அதை நான் பாத்துக்கிறேன். நகருங்க."

ரெனீ உடனே நகர்ந்தார்.

இயோவானே ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"ஆறிப்போச்சு."

"அப்படியா" என்று ரெனீ வெள்ளைத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். கதவருகே நின்று, திரும்பாமலே சொன்னார்: "ஆபீஸ்ல இருந்து போன் வந்தது. இன்னும் ஒரு தடவை நின்னா, அதோட சரியாம்."

இரண்டாம் பாதியில் இயோவானே வேறு ஆளாக இருந்தார். சிவப்பு அணி ஆளை மாற்றினால் போய் நின்றார். ரெனீ கை காட்டியதும் விலகினார். காலேப் ஒரு தரம் நடந்து வந்துகொண்டிருந்தவன், அவர் விலகுவதைப் பார்த்துவிட்டு அலறியடித்து ஓடிக் கோட்டைத் தாண்டினான். அந்தப் பக்கம் விழுந்து எழுந்து, "என்ன பெரியவரே, கோவமா?" என்று கேட்டுச் சிரித்தான். சிவப்பு அணியின் பயிற்சியாளர், "மரத்துக்குக் கால் முளைச்சிருச்சு!" என்று கத்தினார்.

ஆட்டம் சூடு பிடித்தது. நீல அணி முன்னே போகும். சிவப்பு அணி எட்டிப் பிடிக்கும். மறுபடி நீல அணி நான்கு புள்ளி முன்னே போயிற்று. அதோடு கடைசி இரண்டு நிமிஷத்துக்கான மணி அடித்தது. கொஞ்சம் நிறுத்தினார்கள்.

ரெனீ இயோவானே பக்கமாக நடந்து வந்தார்.

"இனி நிக்கிற வேலை கிடையாது."

"தெரியும் சீஃப்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

பந்து சிவப்பு அணியிடம். அவர்கள் எதிர்முனைக் கோடு வரை கொண்டுபோனால்தான் ஜெயிப்பார்கள். இடையில் ஆட்டத்தை நிறுத்திவைக்கிற உரிமை ஒவ்வொரு அணிக்கும் கொஞ்சம் உண்டு. இரண்டு பேரும் அதைச் செலவழித்துவிட்டார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு முயற்சி. கொஞ்சம் முன்னேற்றம். இன்னொரு முயற்சி. ஒன்றுமில்லை. மூன்றாவது முயற்சியில் சிவப்பு அணிக்காரன் பந்தைப் பிடித்து ஓடினான். மூன்று பேர் சேர்ந்து அவனைக் கவிழ்த்தார்கள். பத்துக் கஜத்துக்கு இன்னும் மூன்று கஜம் குறைந்தது. மிச்சம் ஒரே ஒரு முயற்சி. அதிலும் விட்டால் ஆட்டம் முடிந்தது.

சிவப்பு அணி ஆளை மாற்றவில்லை. அத்தனை பேரும் எழுந்து வரிசைக்கு ஓடிவந்தார்கள். "ஓடு! ஓடு! ஓடு!" என்று ஜனம் முழங்கியது.

நீல அணி மாற்றியது. காலேப்பை வெளியே கூப்பிட்டு, வேகமாக ஓடுகிற ஒருவனை உள்ளே அனுப்பினார்கள். புதியவன் வந்துவிட்டான். காலேப் இன்னும் களத்தின் நடுவில் இருந்தான்.

பந்து இயோவானேயின் கையில் இருந்தது.

ஆமாம். விழுந்த இடத்திலிருந்து பந்தை எடுத்துக் கொண்டுவந்து தரையில் வைக்கிறவரும் அம்பயர்தான். அவர் வைத்து விலகினால்தான் ஸ்னாப். பனியில் பந்து ஈரமாக இருந்தது. சட்டையில் ஒரு தரம் துடைத்துவிட்டு வைத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஒரு முட்டியை ஊன்றி, இடம் சரியா என்று ஒரு தரம் பார்த்தால் யார் தப்பு என்பார்கள்? அந்த நேரம் போதும், ஒருவன் கோட்டைத் தாண்டிவிடுவான். ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குக்கூடத் தெரியாது.

காலேப் ஓடத் தொடங்கினான். இரண்டு எட்டு வைத்தான். திரும்பி இயோவானேயைப் பார்த்தான். இவர் முகத்தைப் பார்த்தவுடன் அவன் ஓட்டம் தளர்ந்தது. நிம்மதியாகிவிட்டான். முதல் பாதியில் பழகின கால் நடக்க ஆரம்பித்துவிட்டது.

இயோவானே பந்தை வைத்தார்.

விலகினார்.

ஸ்னாப்!

கோட்டுக்கு உள்ளே காலேப். பன்னிரண்டாவது ஆள்.

இயோவானேயின் கை தானாக இடுப்புக்குப் போனது. மஞ்சள் துணி மேலே பறந்தது. அதே நேரத்தில் சிவப்பு அணிக்காரன் பந்தைத் தூக்கி எறிந்தான். பந்து உயரமாகப் போனது. எல்லாருடைய தலையும் அதோடு திரும்பியது. பிடிக்க ஓடினவனின் விரல் நுனியில் பட்டுப் புல்லில் விழுந்து உருண்டது.

நீல அணி குதித்தது. தலைக்கவசத்தை எறிந்தார்கள். ஒருவர் முதுகில் ஒருவர் ஏறினார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் களத்துக்குள்ளேயே ஓடிவந்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று காலேப்பும் கையைத் தூக்கிக்கொண்டு கோட்டின் பக்கத்திலிருந்து திரும்பி ஓடிவந்தான். சிவப்பு ஜனம் அப்படியே அடங்கிப்போனது.

அப்புறம் யாரோ ஒருவர் புல்லின்மேல் கிடந்த மஞ்சள் துணியைப் பார்த்தார்.

அடங்கிக் கிடந்த மைதானத்தில் ஒரு மூலையிலிருந்து இரைச்சல் கிளம்பியது. அது அடுத்த மூலைக்குப் போனது. கடைசியில் முழு மைதானமும் இடிந்து விழுகிற மாதிரி ஆயிற்று. ரெனீ மைக்கைப் போட்டுச் சொன்னார்: "நீல அணி. களத்தில் பன்னிரண்டு பேர். ஐந்து கஜம்."

மூன்று கஜம் வேண்டியவர்களுக்கு ஐந்து கஜம் கிடைத்தது. சிவப்பு அணிக்கு மறுபடியும் நான்கு முயற்சி. அவர்களுக்கு ஒன்றே போதுமாக இருந்தது. அடுத்த ஸ்னாப்பில் ஒருவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு பேரை இழுத்துக்கொண்டே போய் எதிர்முனையில் விழுந்தான். ஜெயித்தார்கள். உடம்பில் சாயம் பூசினவர்கள் வேலியைத் தாண்டிக் களத்துக்குள் குதித்தார்கள்.

காலேப் அங்கேயே புல்லில் முட்டிபோட்டிருந்தான். அவனை யாரும் எழுப்பவில்லை.

நடுவர்களின் அறையில் மற்றவர்கள் இயோவானேயின் முதுகில் தட்டினார்கள். "என்ன கண்ணு உனக்கு!" என்றார்கள். "அந்த நேரத்துல துணியை எடுக்க யாருக்குத் தைரியம் வரும்!" என்றார்கள். ஒவ்வொருவராகக் குளிக்கப் போனார்கள். இவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். ரெனீ எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நான் செஞ்சது சரிதானா, சீஃப்?"

"சரி."

"கொஞ்சம் தாமதிச்சிருந்தா அவன் தப்பிச்சிருப்பான்."

"ஆமா."

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா நான் சொல்லியிருக்க மாட்டேன்."

இயோவானே நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் என்னைப் பாத்தான், சீஃப். ஓடிக்கிட்டிருந்தவன் என் முகத்தைப் பாத்துட்டு நடந்தான். நான் நிப்பேன்னு நினைச்சுட்டான்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்படி நினைக்கவெச்சது நான்தான்."

ரெனீ ஆமாம் என்று தலையசைத்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தச் சட்டையைக் கழட்டு, மலை."

"என்னை வேலையில இருந்து எடுத்துட்டாங்களா?"

"இல்ல. இப்பதான் ஆபீஸ்ல இருந்து பேசினாங்க. அடுத்த வருஷமும் நீ என்கூடத்தான்."

ஒரு வருஷமாக அந்த வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருந்தார். இப்போது அது அவர் காதில் ஏறின மாதிரியே தெரியவில்லை.

"பின்னே எதுக்குக் கழட்டணும்?"

"நீல அணியோட பஸ் வெளியில நிக்குது. எல்லாரும் ஏறிட்டாங்க. ஒருத்தன் மட்டும் ஏறல. பனியில தனியா நிக்கிறான். போய் அவன் பக்கத்துல நில்லு."

இயோவானே கோடு போட்ட சட்டையைக் கழற்றி வைத்தார். மேல்கோட்டை எடுத்து மாட்டினார். ஒரு கையை மாட்டியும் ஒரு கையை மாட்டாமலும் கதவு வரை போனவர் திரும்பினார்.

"எவ்வளவு நேரம், சீஃப்?"

"அங்கே கடிகாரம் கிடையாது" என்றார் ரெனீ.

காலேப் என்பது நம்முடைய வேதத்தில் இருக்கிற பேர்தான், சொல்ல எளிது. இன்றைக்கு ஜெபம் பண்ணும்போது அந்தப் பிள்ளையின் பேரையும் ஒரு தரம் சொல்லுங்கள்.